காற்றுத் துப்பாக்கியைப் பண்ணுதல்

பழந்தமிழ்ப் பாணர் யாழைக் கையிலெடுத்தவுடன் பாடத் தொடங்குவாரல்லர். முதற்கண் நரம்புகளைப் பாட்டிற்கு இசைய நிறுத்துவர். பின்னர் அவை செவ்வனே இசைந்தனவா என்று தெரிந்துகொள்வர். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், யாழின்கட் செய்யப்பெறும் எண்வகைத் தொழில்களுள் ‘பண்ணல்’ முதலாவதாகவும் ‘ஆராய்தல்’ மூன்றாவதாகவும் வைக்கப்பெற்றுள்ளன. நரம்பை முறுக்குதல் எல்லாம் பண்ணல் ஆகாது. அளவிறந்து முறுக்கின் நரம்பு அறுமேயன்றி இசை பிறவாது.

இவ்விரு சொற்களையும் ‘ஏர் ரைபிள்’ எனப்படும் காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றிப் பேச எண்ணுகின்றோம். இலக்கிய மாணாக்கராகிய எமக்கு இப்பொருளில் என்ன உரிமை எனச் சிலர் வினவலாம். எம் விடுதித் தோழருள் குறி எய்தலில் விருப்பமுடையார், பழைய ஸ்பிரிங்குத் துப்பாக்கி ஒன்று கிட்டியவுடன் முதலிற் கேட்பது, “இதற்கு இன்னும் வலிய ஸ்பிரிங்கு கிடைக்குமா?” என்பதே. அக்கேள்வி வழிதவறியது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இக்கருவி தொழிற்படும் முறையை அறிவோம். குழலையாவது நெம்புகோலையாவது மடித்து இழுக்கும்போது, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கு சுருங்கி, பிஸ்டன் பின்னே சென்று ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தவுடன் கொக்கி விடுபடும். ஸ்பிரிங்கு விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளும். சிலிண்டரிலுள்ள காற்று நெருக்குண்டு, சிறு துளை வழியே பாய்ந்து, ஈயக் குண்டை வெளியே செலுத்தும். ஆகவே குண்டைத் தள்ளுவது ஸ்பிரிங்கு அன்று, காற்றே என்க.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. வெடிமருந்துத் துப்பாக்கி சுட்டவுடன் பின்னோக்கி உதைக்கும். ஸ்பிரிங்குத் துப்பாக்கியோ இருமுறை அசையும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே செல்லும். நெருங்கிய காற்றால் பிஸ்டன் தடையுறும்போது துப்பாக்கி முன்னே தாவும். இவ்வசைவு பெரும்பாலும் குண்டு குழலை விட்டு நீங்குமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. வெடிமருந்துத் துப்பாக்கிக்கெனச் செய்த தொலைநோக்கி இதன்மேற் பூட்டப்படின் சில நாளிற் பழுதுறுவதும் இதனாலேயாம்.

இவ்வசைவை அடக்க ஜெர்மானியத் தொழிலாளர் பெரிதும் முயன்றனர். ஃபைன்வெர்க்பௌ நிறுவனத்தாரின் 300 என்னும் துப்பாக்கியில், குழலும் சிலிண்டரும் கட்டையின்மேல் தண்டவாளத்திற் செல்வதுபோல் வழுக்கிச் செல்லும். ஆதலின் அதிர்ச்சி சுடுவோன் தோளை எட்டாது. டயானா நிறுவனத்தார் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு பிஸ்டன்களை அமைத்து, ஒன்றன் அசைவை மற்றொன்றால் ஈடுசெய்தனர். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காற்றுத் துப்பாக்கிப் போட்டி முதன்முதல் ஒலிம்பிக் பந்தயங்களிற் சேர்க்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இப்போட்டியிலேயே தங்கப் பதக்கம் பெற்று, தனிநிலைப் போட்டியில் இந்தியாவுக்கு முதற் பொன் தேடித் தந்தார். இக்காலத்துப் பெரும் போட்டிகளில் முன்னரே அடைத்துவைத்த காற்றால் இயங்கும் துப்பாக்கிகளே ஆளப்படுகின்றன. அவை விலை மிக்கன. காற்றடைக்கப் பம்பும் உருளையும் வேண்டுவன. அவை வேண்டாத ஸ்பிரிங்குத் துப்பாக்கி, மாணாக்கர்க்கு இன்றும் ஏற்ற கருவியே.

இனி வலிமையின் பயன் எத்துணையது எனக் கணக்கிட்டுக் காண்போம். போட்டியில் இலக்கு 10 மீட்டர் தொலைவிலுள்ளது. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர்; நடுப்புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீட்டரே; அதனைச் சூழ்ந்த ஒவ்வொரு வளையத்தின் அகலமும் 2.5 மில்லிமீட்டர். நொடிக்கு 170 மீட்டர் வேகத்திற் செல்லும் குண்டு இலக்கை அடைவதற்குள் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் கீழிறங்கும். வேகம் 165 மீட்டராயின் 18 மில்லிமீட்டர் இறங்கும். குண்டு எப்போதும் 165 மீட்டர் வேகத்திலேயே செல்லுமாயின் தீங்கொன்றுமில்லை. குறிகாட்டியைச் சிறிது உயர்த்தினாற் போதும். ஒருமுறை 170-உம் மறுமுறை 165-உம் ஆயின், கை சிறிதும் நடுங்காவிடினும் குறி ஒரு மில்லிமீட்டர் தவறும். எனவே வேண்டப்படுவது வேகமன்று, ஒரு தன்மைத்தாகிய வேகமே என்பது தெள்ளிதின் விளங்கும்.

வலிய ஸ்பிரிங்கு இதற்கு நேர்மாறானதைச் செய்கின்றது. சிலிண்டரின் கொள்ளளவு மாறாமையின் குண்டின் வேகம் சிறிதே மிகும். அதிர்ச்சியோ பெரிதும் மிகும். மடித்து இழுக்கும் கை விரைவில் இளைக்கும். வாஷரும் கொக்கியும் தேயும். அன்றியும், ஜெர்மனியில் 7.5 ஜூல், இங்கிலாந்தில் ஏறத்தாழ 16 ஜூல் என உரிமம் வேண்டாத துப்பாக்கிக்குச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. நம் நாட்டிலும் சட்டம் உண்டு. விளையாட்டுக் கருவியை அறியாமையாற் சட்டத்திற்குப் புறம்பான கருவியாக்குதல் மாணாக்கர்க்குத் தகாது.

பண்ணும் முறை வருமாறு. முதலாவது, கட்டையைப் பிணைக்கும் திருகாணிகளை முறுக்குக. அதிர்ச்சியால் அவை அடிக்கடி தளரும். பல நாட் குறி தவறியதற்குத் தளர்ந்த திருகாணி ஒன்றே காரணமாதல் உண்டு. இரண்டாவது, பலவகைக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்துக் குழலுக்கு இசைந்ததைத் தேர்க. இவ்விரண்டாலும் குறை தீராவிடின் உட்பகுதியை நோக்குக. ஸ்பிரிங்கின் இரு முனைகளும் தட்டையாகவும் வழவழப்பாகவும் இருத்தல் வேண்டும். அதனுள் நிற்கும் தண்டு ஸ்பிரிங்கோடு பொருந்தி நிற்பின், சுடும்போது எழும் கிணுகிணுப்பு அடங்கும். உராயும் இடங்களில் மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லப் பூசினாற் போதும். பிஸ்டனுக்கு முன்னே எண்ணெய் தங்கலாகாது. நெருக்குண்டு வெம்மையுற்ற காற்றில், டீசல் எஞ்சினில் நிகழ்வது போலவே, அது பற்றி எரிந்து வேகத்தைத் தாறுமாறாக்கி வாஷரையும் கெடுக்கும்.

ஸ்பிரிங்கு, மடிக்கப்படாத நிலையிலும் நெருக்குண்டே உள்ளிருக்கின்றது. அதனை அடக்கிப் பிடிக்கும் சாதனமின்றி மூடியைக் கழற்றின் முகத்திற் பாயும். ஆதலின் உட்பகுதியைத் தேர்ந்தவர் துணையோடன்றித் திறவற்க. குண்டிடும்போது மடித்த குழலையோ நெம்புகோலையோ கைவிடற்க. குண்டின்றிச் சுடற்க, காற்றின் தடை குறைதலின் பிஸ்டன் சிலிண்டரின் முகப்பில் மோதிச் சிதையும். ஈயக் குண்டு வன்பொருளிற் பட்டுத் திரும்பி வருமாதலின், கண்ணுக்குக் காப்பும் இலக்கின் பின்னே தக்க தடுப்பும் இன்றியமையாதன.

இனி ஆராய்தல். ஒரு நேரத்தில் ஒன்றனையே மாற்றுக. மாற்றியபின் பத்துக் குண்டுகளைச் சுட்டு, அவை எத்துணை நெருங்கி விழுந்தன என்று அளந்து எழுதிவைக்க. வேகமானி கிடைப்பின், மிக்க வேகத்தையன்று, மிக்கதற்கும் குறைந்ததற்கும் உள்ள வேறுபாட்டையே நோக்குக. இரண்டு மூன்றை ஒருங்கே மாற்றியவன் நன்மை எதனால் விளைந்தது என்று அறியமாட்டான்.

எல்லாம் செய்தும், சுடுவோன் துப்பாக்கியை இறுகப் பற்றுவானாயின் உழைப்பு வீணாம். விரித்த உள்ளங்கையின்மேல் கட்டையைக் கிடத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே மென்மையோடு தாங்குதல் வேண்டும். அசைவை முற்றும் தடுக்க இயலாது. ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக அசையவிடுதல் இயலும். அது கைவரப்பெற்ற பின்னரும் வலிய ஸ்பிரிங்கு வேண்டும் என்பார் எம் தோழருள் எவரேனும் இருப்பரோ என்று ஐயுறுகின்றோம்.