முதலில் தூக்கத்தைக் கேள்

சிங்கப்பூர்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. குடும்பச் சேவை நிலையத்து வேலை பிடித்திருக்கிறது, ஆனால் சீன முதியவர்கள் பிடிகொடுக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்களாம்; தலைவலி, தூக்கமின்மை தவிர வேறு பேச்சே இல்லையாம்; பலர் இரண்டாம் முறை வருவதும் இல்லையாம். உணர்ச்சியைத் தவிர்ப்பவர்கள் என்று நீ முடிவுகட்டுவதற்குள் சித்தி சொல்வதைக் கொஞ்சம் கேள்.

1980-இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவின் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் 'நரம்புத் தளர்ச்சி' என்று சிகிச்சை பெற்றுவந்த 100 பேரை ஆராய்ந்தார். 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. அவர்கள் வாய்விட்டுச் சொன்னதோ தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை. கலாசாரப் புரட்சி ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். மனம் விட்டுப்போச்சு என்று சொன்னால் கொள்கையில் பிடிப்பில்லாதவன் என்று சந்தேகம் வரும். தலைவலி என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேலையில் விடுப்பும் கிடைக்கும்.

2008-இல் உளவியலாளர் ஆண்ட்ரூ ரைடர் குழுவினர் சீனாவின் சாங்ஷா நோயாளிகளையும் கனடாவின் டொராண்டோ நோயாளிகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீனர்கள் உடல் உபாதைகளைத்தான் கூடுதலாகச் சொன்னார்கள். தங்கள் உணர்ச்சியை அடையாளம் காண முடியாமல் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வெளியே நடப்பதில் கவனம் வைப்பது அவர்கள் வழக்கம். ஆகவே உன் கேள்வியும் வெளியிலிருந்தே தொடங்கட்டும்.

முதல் நாள் தூக்கத்தைப் பற்றி விசாரி. எத்தனை மணிக்குப் படுக்கிறார், எப்போது விழிப்பு வருகிறது, பகலில் எவ்வளவு நேரம் கண்ணயர்கிறார், கடைசிக் கோப்பி எத்தனை மணிக்கு. பலதுறை மருந்தகத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள், சீன வைத்தியர் என்ன சொன்னார் என்றும் கேள். பிறகு, அன்றிரவே செய்து பார்க்க ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பு. உளவியலாளர்கள் ஸ்டான்லி சூவும் நோலன் ஜேனும் 1987-இலேயே இதை எழுதிவிட்டார்கள்: வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, கேட்பவர்மேல் அவருக்கு மதிப்பும் பிறக்க வேண்டும். எடுத்த எடுப்பில் அழவைப்பதால் அந்த மதிப்பு வராது.

என்னிடம் மனைவியை இழந்த முதியவர் ஒருவர் வந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, அதற்கு வழி சொல் என்றார். விழித்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய் எரிவாயு மூடியிருக்கிறதா என்று பார்ப்பாராம். முன்பு அதைப் பார்த்தது யார் என்றேன். "அவள்தான்" என்றார். "இப்போது அந்த வேலை உங்களிடம் வந்துவிட்டது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். துக்கம் என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவராகவே அவள் சமையலைப் பற்றி ஆரம்பித்தார்.

பேரனை மொழிபெயர்க்க உட்காரவைக்காதே. 1979-இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு தாத்தா பாட்டி பேசும் ஹொக்கியனும் தியோச்சியூவும் அரைகுறைதான். மொழி தெரிந்தாலும், பேரன் எதிரில் எந்தத் தாத்தா தன் பலவீனத்தைச் சொல்வார்? வெளியாளாக ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சீனர் என்றால் இப்படித்தான் என்று இன்னொரு முத்திரை தயார் செய்துவிடாதே. ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த இளம்பெண் முதல் பத்து நிமிடத்திலேயே கொட்டித் தீர்க்கலாம். எல்லா மௌனமும் பண்பாடும் அல்ல. அந்த மௌனத்தால் உன்னிடம் வந்தவருக்கு என்ன நஷ்டம் என்று பார். பழத்தை நறுக்கி மகன் முன்னால் தள்ளி வைக்கிற அம்மாவின் அன்பு மகனுக்குப் போய்ச் சேர்கிறதென்றால், அதில் நீ கைவைக்க வேண்டாம். போய்ச் சேராமல் இருவருமே தவிக்கிறார்கள் என்றால், அங்கேதான் உன் வேலை. அப்போதும் "உன் உணர்ச்சியைச் சொல்" என்று அம்மாவை நெருக்காதே. அந்தப் பழத்தை யாருக்காக நறுக்கினீர்கள் என்று மகன் காதில் விழும்படி கேள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சுற்றி வளைக்காதே. உயிர்மேல் வெறுப்புத் தட்டியிருக்கிறது என்று துளி சந்தேகம் வந்தாலும், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேள். முகம் சுளிப்பாரோ, மரியாதைக் குறைவோ என்று தயங்காதே. கேட்டதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல், தனியாகச் சுமக்காதே.

கடிதத்தில் யார் பெயரையும் எழுதாமல் விட்டிருந்தாய். நல்ல பழக்கம், அதை விடாதே. அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா, மற்றதை நேரில் பேசலாம்.

அன்புடன்,
உன் சித்தி