பலகை அடிக்க முன் தரையைப் பாருங்கள்

மலைநாட்டுக் குளிரில் பிள்ளைகள் வெறும் சிமெந்துத் தரையில் படுப்பதைப் பார்த்து, காம்பராவுக்குப் பலகை அடிக்க நினைக்கிறோம். நல்ல காரியந்தான். ஆனால் ஈரத்தரையில் அடித்த பலகை உப்பி வளைஞ்சு போகும். கடைசியில் பட்ட கடன்தான் மிஞ்சும்.

முதலில் தரையைச் சோதிப்போம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் மேலே வருகிறது என்று அர்த்தம். வெயில் காலத்தில் இது தெரியாமல் போகலாம். ஆகவே மழை நாளில் சோதிப்பதே நல்லது. ஈரம் கண்டால் கூரை ஒழுக்கை அடைத்து, சுவரோரக் கானைத் துப்புரவாக்கி, தரை காய்ந்ததும் மறுபடி சோதியுங்கள்.

2 அங்குலக் கனத்தில் புதுச் சிமெந்து போட்டிருந்தால் குறைந்தது 2 மாதம் காயட்டும். மேடு பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். வாங்கிய பலகையை, இடையில் குச்சி வைத்து, அதே காம்பராவில் ஒரு வாரமாவது அடுக்கி வையுங்கள். அடிக்கும்போது சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள்; மழைக்குப் பலகை விரிய இடம் வேணும்.

அவசரப்பட்டு அடித்ததைக் கழற்றுவதைவிட, பொறுத்திருந்து ஒரே தடவையில் அடிப்பதே நமக்கு இலாபம்.