நாட்டு நெல்லைக் காப்பவர்க்குக் கூலி

சிற்றாற்றுப் பாசனத்தில் பிசானத்திற்கு ஆனைக்கொம்பன் விதைப்போர் இன்று மிகச் சிலரே. விட்டவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அம்பை 16 முதலிய குட்டை ரகங்களின் மகசூலை அது கொடாது. உரம் சற்று மிகுந்தால் சாய்ந்துவிடும்.

ஆயினும் புதிய ரகங்களுக்குத் தாய்வீடு பழைய நெற்களே. 1969-ல் வந்த ஐ.ஆர். 20, தண்டுத்துளைப்பானை ஓரளவு எதிர்க்கும் குணத்தை நமது திரூர்க்குப்பம் டி.கே.எம். 6 நெல்லிடம் பெற்றது. மலைக்கு அப்பால் பட்டாம்பியில் நாட்டு நெல்லிலிருந்து பொறுக்கிய பி.டி.பி. 33, புகையான் எதிர்ப்புக்காகப் பல தேசங்களில் கலப்புக்கு எடுத்தாளப்படுகிறது.

பிறர் நன்மைக்காக நஷ்டம் ஏற்கும் மிராசுதாரருக்கு ஈடு கொடுப்பது யார்? 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி தேசிய மரபணு நிதி ஒன்று ஏற்பட்டுள்ளது. நாட்டு ரகங்களைக் காத்துவரும் சமூகங்களுக்குத் தலா ரூ. 10 லட்சமும், தனி உழவர்களுக்கு ரொக்கப் பரிசும் அளிக்க ஏற்பாடுண்டு. ஆனால் 39-ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: காத்த ரகம், பதிவுக்குரிய வேறொரு ரகத்திற்குக் குணம் அளித்ததாக இருத்தல் வேண்டும்.

பரிசு வேறு, கூலி வேறு. பரிசு தேசம் முழுவதிலும் சிலருக்கே. நஷ்டமோ பிசானந்தோறும் விதைப்பவர் அனைவருக்கும். 2021-ல் அறிவிக்கப்பட்ட நெல் ஜெயராமன் பெயரிலான இயக்கம் மானிய விலையில் விதை வழங்கியது. தொடங்குவதற்கு அது உதவும், தொடர்வதற்குப் போதாது. பெரு, பொலிவியா தேசங்களில் அருகிவரும் கினோவா ரகங்களை எவ்வளவு நிலத்தில், என்ன ஈட்டிற்கு விதைப்பீர்கள் என்று உழவர் குழுக்களையே கேட்டு, குறைவாகக் கேட்டவர்களுக்குக் கருவிகள், பள்ளிக்கூடச் சாமான்கள் முதலியவற்றை அளித்துப் பார்த்தார்கள். அம்முறையே உசிதமென்பது என் அபிப்பிராயம்.

அது நமக்கு வரும்வரை 5 செண்டு ஒதுக்கினால் நஷ்டம் சொற்பம். அண்டை ரகத்திற்கு 3 மீட்டர் இடைவெளி விடுக. தழைச்சத்தைக் குறைத்திடுக. கலப்பன்களைப் பூக்கும் சமயத்தும் அறுப்பிற்கு முன்னும் களைக. விதையை நன்கு உலர்த்தி, நம் பெரியோர் வழக்கப்படி வைக்கோற் கோட்டையில் கட்டி வைக்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் வேலையுண்டு. "நெல்" என்று மட்டும் எழுதாமல் ரகப் பெயரையும், எந்த வயலில் எத்தனை வருஷமாக விதைக்கப்படுகிறது என்பதையும் தனியே குறித்து வைத்தல் நலம். உழவர் ரகமாகப் பதிய உழவருக்குக் கட்டணமில்லை. ஆனால் விண்ணப்பத்திற்கு ஜில்லா விவசாய அதிகாரி அல்லது பஞ்சாயத்தின் உயிர்ப்பல்வகைமைக் குழு போன்றோரின் மேலொப்பம் அவசியம். ஒப்பம் பெறுவதற்கு இக்குறிப்பு உதவக்கூடும்.