போர்க்கால டோக்கன் சேகரிக்க 8 குறிப்புகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1862-ல் மக்கள் தங்கம், வெள்ளியோடு ஒரு சென்ட் காசைக்கூடப் பதுக்கிவிட்டார்கள். சில்லறைக்குத் திண்டாடிய கடைக்காரர்கள் தாங்களே செம்பு டோக்கன் அடித்துப் புழங்கவிட்டார்கள். 1864 ஜூனில் சட்டம் அதற்குத் தடை போட்டது. அவற்றைச் சேகரிக்க ஆசையா?

1. முதலில் வகை பிரியுங்கள். கடைப் பெயரும் ஊரும் இருந்தால் ‘ஸ்டோர் கார்டு’. கொடி, பீரங்கி, தேசபக்தி வாசகம் மட்டும் என்றால் ‘பேட்ரியாட்டிக்’.

2. லென்ஸ் வைத்துப் படியுங்கள். சிலவற்றில் ‘ஒன் சென்ட்’ என்பதற்கு மேலே பொடி எழுத்தில் ‘நாட்’ என்றிருக்கும். கள்ளக்காசு வழக்கில் சிக்காமலிருக்கச் செய்த தந்திரம்! ‘ஸ்பாட்’ என்ற சொல் ‘ஸ்பூட்’ என்று பிழையாக விழுந்த டோக்கனும் உண்டு.

3. அளந்து பாருங்கள். பெரும்பாலானவை சென்ட் அளவுதான், சுமார் 19 மி.மீ.

4. போலியா என்று அறியக் காந்தம் வைத்துப் பாருங்கள். செம்பும் பித்தளையும் ஒட்டாது. விளிம்பில் வார்ப்புக் கோடோ, பரப்பில் ஊசித் துளைகளோ தெரிந்தால் வாங்காதீர்கள்.

5. இந்த டோக்கன்களை வகைப்படுத்தும் ஃபுல்ட் பட்டியலின் எண்ணைக் கேளுங்கள். அதன் அரிதுத்தன்மை அளவில் ஆர்-1 என்றால் 5,000-க்கு மேல் மிஞ்சியவை. ஆர்-10 என்றால் உலகிலேயே ஒன்று.

6. எளிதில் கிடைப்பதில் தொடங்குங்கள். நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லர் 10 லட்சத்துக்கும் மேல் வெளியிட்டார். ஒருபக்கம் அவருடைய தாடி முகம், மறுபக்கம் பீர் குவளை. டிராம் கம்பெனி தன்னிடம் குவிந்ததை மாற்றக் கேட்டபோது கையை விரித்துவிட்டாராம்!

7. தேய்க்கவே தேய்க்காதீர்கள். புளியும் விபூதியும் குத்துவிளக்குக்குச் சரி. நான் ஒரு டோக்கனைப் புளி போட்டுப் பளபளப்பாக்கினேன். 150 வருடப் பழுப்பு போனது, விலையும் பாதியானது. தூசி போக மென்மையான தூரிகை போதும்.

8. பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசின் கசியும். மைலார் ஜன்னல் வைத்த அட்டை உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்றுங்கள். அட்டையில் வாங்கிய விலையை அப்புறம் எழுதலாம். கடைக்காரர் பெயர், ஊர், தொழிலை முதலில் எழுதுங்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும், இவை மாறாது.