பூனையைத் தடவுவதற்கும் முறை உண்டு

மஃரிபுக்குப் பின் அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரு பூனைகள். ஒன்று எவ்வளவு தடவினாலும் மடியில் கண்மூடிக் கிடக்குமாம். மற்றது நாலு தடவலுக்குள் பிராண்டிவிடுமாம். முந்தின நாள் மகளின் கையில் நகம் பட்டுவிட்டது. "இந்தப் பொல்லாததைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவரலாமா ஹஜ்ரத்?" என்றார்.

முதலில் சிறுமியின் காயத்தை விசாரித்தோம். பூனையாலும் வெறிநோய் வரும். ஆகவே பிராண்டலோ கடியோ பட்டால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்வது அவசியம்.

இனி பூனையின் விஷயம். எல்லாப் பூனைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. அதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, குட்டிப் பருவம். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டி, பின்னர் தொடுதலை எளிதில் பொறுக்கும்.

இரண்டாவது, தகப்பன் பூனையின் குணம். அதைக் கண்டேயிராத குட்டியிடமும் அக்குணம் படியும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பன் வெவ்வேறாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, நோவு. சாதுவாயிருந்த பூனை திடீரெனச் சீறினால் மூட்டு வலியோ மறைந்த புண்ணோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வாயில்லா ஜீவனாயினும் அது சொல்லாமல் பிராண்டுவதில்லை. வாலை வெடுக்கென ஆட்டும். காதைப் பின்னுக்கு மடிக்கும். முதுகுத் தோல் நெளியும். தலை சட்டென நம் கைப்பக்கம் திரும்பும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

பெரும்பாலான பூனைகள் கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களில் தடவுவதை விரும்பும். வயிறும் வாலடியும் பிடிக்காது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், பூனைகளை நன்கறிவோம் என்று கருதியவர்களே பூனைக்கு அவ்வளவாகப் பிடிக்காத இடங்களை அதிகம் தொட்டார்களாம்! அறிவோம் என்ற எண்ணமே கவனத்தைக் கெடுத்துவிடுகிறது.

பூனை நம் வீடுகளில் சுற்றித் திரியும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் நவின்றதை அபூகத்தாதா (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். அன்னார் பூனையைப் பிடித்திழுக்கவில்லை. அது தானே வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். தடவுவதிலும் இதுவே நல்ல முறை. கையை நீட்டிக் காத்திருங்கள். அது வந்து உரசினால் சற்றே தடவி நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமானால் அதுவே மீண்டும் வரும்.

"பூனையைப் போக்க வேண்டாம், இம்முறையை மகளுக்குக் கற்றுக் கொடுங்கள்" என்று அன்பரிடம் சொன்னோம். ஒன்று மடியில் அமரும். மற்றது காலடியில் அமரும். இரண்டும் அவ்வீட்டை நம்பி வாழும் உயிர்களே.