ருவாண்டாவும் புருண்டியும்: பாதிக் கதை போதாது

ருவாண்டாவின் தலைநகரான கிகாலியின் படங்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகின்றன. குப்பை இல்லாத தெருக்கள், ஹெல்மெட் மாட்டிய மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஊரே திரண்டு சாலையையும் வாய்க்காலையும் சுத்தம் செய்யும் ‘உமுகாண்டா’. படங்கள் உண்மையானவை. பிளாஸ்டிக் பைகளை ருவாண்டா 2008இலேயே தடை செய்துவிட்டது. படங்களோடு ஒட்டிக்கொண்டு வரும் வாசகங்கள்தான் பிரச்சினை. இனப்படுகொலை நடந்த நாடு முப்பதே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆகிவிட்டதாம். பக்கத்திலேயே இருக்கும் புருண்டி இன்னும் அடித்துக்கொண்டு சாகிறதாம்.

இந்த இரு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல காரியம்தான். உலகில் இவ்வளவு பொருத்தமான இரட்டைப் பிள்ளைகள் வேறு கிடைக்க மாட்டார்கள். ஒன்றின் பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மற்றது 28,000க்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் ஏறத்தாழ 1.3 கோடி மக்கள். இரண்டுக்கும் கடல் இல்லை. மலைச்சரிவெல்லாம் பீன்ஸ், வாழை, மரவள்ளி, காபி. முதலில் ஜெர்மனி ஆண்டது, முதல் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியம் ஆண்டது. இரண்டும் விடுதலை பெற்றது ஒரே நாளில், 1962 ஜூலை 1 அன்று. ருவாண்டாக்காரர் கின்யருவாண்டாவில் பேசினால் கிருண்டி பேசும் புருண்டிக்காரருக்குப் புரியும். ஹூட்டுகள் சுமார் 85 சதவீதம், டுட்சிகள் 14, ட்வா மக்கள் 1 என்ற பழைய மதிப்பீடுகூட இரண்டுக்கும் ஒன்றே.

ஆனால் இன்று ருவாண்டாவில் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டாலர். புருண்டியில் 200 டாலரை ஒட்டி நிற்கிறது. உலகிலேயே மிகக் குறைந்த வருமானங்களில் ஒன்று. இந்த இடைவெளிக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களில் பல தவறானவை. அந்தத் தவறுகள் நம் ஊர் விவாதங்களிலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஹூட்டுகளும் டுட்சிகளும் காலங்காலமாகப் பகைகொண்ட இரண்டு பழங்குடிகள்.

ஒரே மொழி, ஒரே மதம், ஒரே சாப்பாடு, ஒரே மலையில் அடுத்தடுத்த வீடு. இப்படி வாழ்ந்தவர்களைத் தனித்தனிப் பழங்குடிகள் என்று சொல்வதே பொருந்தாது. மாடு வளர்ப்பவர், மண்ணைக் கொத்துபவர், அரசவைக்கு நெருக்கமானவர், எட்டி நின்றவர் என்ற வேறுபாடுகளும் ஏற்றத்தாழ்வுகளும் காலனி ஆட்சிக்கு முன்பே இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. 1930களில் பெல்ஜிய நிர்வாகம் ருவாண்டாவில் ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் இனப்பெயரை எழுதியபோதுதான் அந்த வேறுபாடு பிறப்போடு ஒட்டிய முத்திரையானது. 1994இல் சாலைத் தடுப்புகளில் நின்ற கொலைகாரர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான்.

பத்து மாடு வைத்திருந்தவரையெல்லாம் டுட்சி என்று பெல்ஜியர்கள் பதிந்தார்கள் என்றொரு கதை புத்தகங்களிலும் உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். பெரும்பாலும் மக்கள் தங்களைப் பற்றிச் சொன்னதையும் திருச்சபைகள் வைத்திருந்த விவரங்களையும் கொண்டுதான் பதிவு நடந்திருக்கிறது.

நம்பிக்கை: போரில் அதிகம் அடிபட்டது புருண்டி, அதனால்தான் பின்தங்கியது.

புருண்டி பட்ட அடி சின்னதல்ல. 1972இல் டுட்சி அதிகாரிகள் கையில் இருந்த ராணுவம் படித்த ஹூட்டுகளைத் தேடித் தேடிக் கொன்றது; இறந்தவர்கள் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். 1993இல் முதன்முறையாக மக்கள் வாக்கால் தேர்ந்த ஹூட்டு அதிபர் மெல்கியோர் இண்டாடாயே, பதவியேற்ற சில மாதங்களிலேயே ராணுவத்தினரால் கொல்லப்பட்டார். பிறகு வந்த உள்நாட்டுப் போர் பத்தாண்டுக்கு மேல் நீண்டு சுமார் மூன்று லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது.

ஆனாலும் 1994 ஜூலையில் இரண்டு நாடுகளையும் பார்த்த எவரும் ருவாண்டாவுக்கு எதிர்காலம் உண்டு என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் டுட்சிகள், கொல்லப்பட்டிருந்தார்கள். ருவாண்டா அரசின் கணக்கு பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. சுமார் இருபது லட்சம் பேர் எல்லை கடந்து ஓடியிருந்தார்கள். கஜானா காலி. மருத்துவர்களிலும் ஆசிரியர்களிலும் ஏராளமானோர் இறந்திருந்தார்கள், அல்லது ஓடியிருந்தார்கள், அல்லது கொலையில் பங்கெடுத்திருந்தார்கள். யார் அதிகம் அடிபட்டார் என்பதைக் கொண்டு கணக்குப் போட்டால் இன்று ருவாண்டாதான் கடைசியில் இருக்க வேண்டும்.

அப்படி ஆகாததற்கு என்ன காரணம்? வானளாவிய கட்டிடங்களில் விடை இல்லை. கிராமத்து மருத்துவத்தில் இருக்கிறது. ருவாண்டாவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் அந்த ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கும் சுகாதாரப் பணியாளர்கள் மூன்று நான்கு பேர் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர்களே மலேரியா பரிசோதனை செய்து மாத்திரை கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்து, பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள். இதோடு ‘மியூச்சுவெல்’ என்று மக்கள் அழைக்கும் சமூக மருத்துவக் காப்பீடு. பெரும்பாலானோர் ஆளுக்கு ஆண்டுக்கு 3,000 ருவாண்டா பிராங்க் கட்டுகிறார்கள். பரம ஏழைகளுக்கு அரசே கட்டிவிடுகிறது. சுகாதார நிலையத்தில் கையிலிருந்து கொடுப்பது 200 பிராங்க். மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இதில் இருக்கிறார்கள். பணக்கார நாடுகள் சிலவற்றாலேயே முடியாத காரியம் இது.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 2000இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 196 பேர் ஐந்து வயதை எட்டவில்லை. 2019-20 கணக்கெடுப்பில் அது 45. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 2011இல் தேசிய அளவில் தொடங்கிய முதல் ஆப்பிரிக்க நாடும் இதுவே.

மாட்டுத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 2006இல் தொடங்கிய ‘கிரிங்கா’ திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு கிடைக்கும். அது ஈனும் முதல் கிடேரிக் கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். குழந்தைக்குப் பால், பீன்ஸ் கொல்லைக்குச் சாணம், அண்டை வீட்டோடு ஒரு கொடுக்கல் வாங்கல். கொன்றவர் குடும்பமும் இழந்தவர் குடும்பமும் ஒரே ஊரில் வாழ வேண்டிய நாட்டில் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத் தனி மதிப்பு உண்டு. 2018 ஜூலையில் இந்தியப் பிரதமர் இருநூறு பசுக்களை அன்பளித்தது இந்தத் திட்டத்துக்குத்தான். வழங்கிய இடம் ருவெரு என்ற மாதிரிக் கிராமம். அதே பெயருள்ள ஏரி அங்கே இருக்கிறது. ஏரியின் ஒரு பகுதி ருவாண்டாவுக்கு, மறுபகுதி புருண்டிக்கு.

நம்பிக்கை: புருண்டி அரசு தன் மக்களுக்காக எதுவுமே செய்யவில்லை.

இது அநியாயமான பேச்சு. உள்நாட்டுப் போருக்கு முடிவு தேடிய ஆரூஷா அமைதி ஒப்பந்தம் 2000 ஆகஸ்டில் கையெழுத்தானது. தான்சானியாவின் முன்னாள் அதிபர் ஜூலியஸ் நைரேரே தொடங்கிவைத்த பேச்சை அவர் இறந்தபின் நெல்சன் மண்டேலா முடித்து வைத்தார். 2005இல் வந்த புதிய அரசு ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. ஒரே வகுப்பறையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும் அளவுக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் மருத்துவம் இலவசம் ஆனது. குழந்தை இறப்பு 2010இல் ஆயிரத்துக்கு 96 ஆக இருந்து 2016-17இல் 78 ஆகக் குறைந்தது. ருவாண்டாவின் வேகம் இல்லைதான், ஆனால் இறங்குமுகம் உறுதியாக இருந்தது.

வழி தவறியது 2015இல். அதிபர் பியர் இங்குருன்சிசா மூன்றாவது முறையும் பதவியில் நீடிக்க முடிவெடுத்தார். தெருவில் போராட்டம், மே மாதத்தில் தோற்றுப்போன ராணுவப் புரட்சி, அதன்பின் கடும் ஒடுக்குமுறை. சுமார் நான்கு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அரசுக்கான நேரடி உதவியை நிறுத்தியது. அரசின் செலவில் பெரும் பங்கு வெளிநாட்டு உதவியை நம்பியிருந்த நாடு அது. அந்நியச் செலாவணி வற்றியது. பெட்ரோல் பங்குகளில் நாட்கணக்கில் வரிசை, சர்க்கரைத் தட்டுப்பாடு, அரசு சொல்லும் டாலர் விலைக்கும் கறுப்புச் சந்தை விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் என இன்று நாம் கேள்விப்படும் துன்பங்கள் எல்லாம் இதன் தொடர்ச்சி. ஒரு மனிதர் பதவியை விடாததால் ஒரு தலைமுறையின் சாப்பாடு போனது. இதை இனப்பகையின் கணக்கில் எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம். 2015இல் தெருவில் இறங்கியவர்களில் ஹூட்டுகளும் டுட்சிகளும் சேர்ந்தே இருந்தார்கள்.

நம்பிக்கை: ருவாண்டா வறுமையை வென்றுவிட்டது.

வெல்லவில்லை. உலக வங்கியின் அளவுகோலில், நாளொன்றுக்கு 2.15 டாலருக்குக் கீழே வாழ்ந்தவர்கள் 2016-17இல் ஏறத்தாழ பாதிப் பேர். 2019-20 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். புருண்டியில் அது பாதிக்கு மேல், உலகிலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. ஐ.நா. மனித மேம்பாட்டுப் பட்டியலில் 2022ஆம் ஆண்டுக்கான இடம் புருண்டிக்கு 187, ருவாண்டாவுக்கு 161. நடுவே இருபத்தாறு படிகள். ஆனால் இரண்டுமே பட்டியலின் அடிப்பகுதியில்தான். சிங்கப்பூர் என்ற பேச்சு கிகாலியின் சில சாலைகளைத் தாண்டி மலையேறினால் நின்றுவிடும்.

நம்பிக்கை: வளர்ந்த நாட்டில் காயம் ஆறிவிட்டது, வளராத நாட்டில் ஆறவில்லை.

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். வருமானத்தையும் மனக்காயத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கும்போது நாம் இரண்டையும் தவறாகப் படிக்கிறோம்.

ருவாண்டா எடுத்த வழி, பெயரையே அழிப்பது. அடையாள அட்டையில் இனம் இல்லை, மக்கள்தொகைக் கணக்கில் இல்லை, பொதுப் பேச்சில் பிரிவினை தூண்டுவதாகக் கருதப்பட்டால் சட்டம் பாயும். இதன் பின்னால் இருக்கும் அச்சத்தை நான் மதிக்கிறேன். வானொலிப் பேச்சு கொலைக்குக் கூப்பிட்ட நாடு அது. ‘ககாசா’ என்ற ஊர்ப் பஞ்சாயத்து நீதிமன்றங்கள் 2012 வரை ஏறத்தாழ பத்தொன்பது லட்சம் வழக்குகளை விசாரித்தன. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு பெரிய கணக்குத் தீர்ப்பு நடந்ததில்லை. ஆனால் இனப்படுகொலை செய்தவர்களைத்தான் அங்கே நிறுத்தினார்கள். அதன்பின் ஆட்சிக்கு வந்த, டுட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படையின் கையால் இறந்தவர்களுக்காக அழ அங்கே இடம் இருக்கவில்லை. 2010 ஜனவரியில் நாடு திரும்பிய எதிர்க்கட்சித் தலைவர் விக்டுவார் இங்காபிரே, கிகாலி நினைவிடத்தில் நின்று ஹூட்டுகளிலும் கொல்லப்பட்டவர்கள் உண்டு, அவர்களையும் நினைக்க வேண்டும் என்றார். கடைசியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனை பதினைந்து ஆண்டு. 2018இல் மன்னிப்பில் விடுதலையானார். 2024 தேர்தலில் அதிபர் பால் ககாமே 99 சதவீத வாக்குகளோடு மீண்டும் வென்றார். பேச்சு அடங்கிய இடத்தில் துக்கம் எங்கே போயிருக்கும் என்பதை எந்த வளர்ச்சி அட்டவணையும் சொல்லாது.

சண்டையும் முழுதாக ஓயவில்லை. எல்லை தாண்டிப் போய்விட்டது. கிழக்குக் காங்கோவில் எம்23 கிளர்ச்சிப் படை 2025 ஜனவரியில் கோமா நகரையும் அடுத்த மாதம் புகாவுவையும் பிடித்தது. அந்தப் படையோடு ருவாண்டா ராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கொடுத்திருக்கிறது, ருவாண்டா மறுக்கிறது. எதிர்ப்பக்கத்தில் காங்கோ அரசுக்குத் துணையாகப் புருண்டி வீரர்கள். இரு நாடுகளுக்கும் இடையிலான தரைவழி எல்லையைப் புருண்டி 2024 ஜனவரியிலேயே மூடிவிட்டது.

புருண்டி எடுத்த வழி நேரெதிர். பெயர்களைச் சட்டத்திலேயே எழுதியது. 2005 அரசியல் சாசனப்படி கீழவையிலும் அமைச்சரவையிலும் ஹூட்டுகளுக்கு 60, டுட்சிகளுக்கு 40 சதவீதம். ராணுவத்தில் எந்தத் தரப்பும் பாதியைத் தாண்டக் கூடாது. இரு அவைகளிலும் ட்வா மக்களுக்குத் தனி இடங்கள். 1972இன் கொலைகாரப் படையாக இருந்த ராணுவத்தில் பழைய கிளர்ச்சியாளர்களும் பழைய சிப்பாய்களும் ஒரே சீருடையில் சேர்ந்தார்கள். அதன் பிறகு அரசியல்வாதிகள் கட்சிக்குக் கட்சி மோதினார்கள், கொன்றார்கள், சிறையில் அடைத்தார்கள். ஆனாலும் 2015இன் நெருக்கடி, பலர் அஞ்சியதுபோல், ஹூட்டு-டுட்சிப் போராக மாறவில்லை. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று சாதித்த இந்தக் காரியத்துக்கு வாட்ஸ்அப் படம் கிடையாது.

2018இல் திருத்திய அரசியல் சாசனம், இந்த ஒதுக்கீடு தொடர வேண்டுமா என்று ஐந்தாண்டுக்குள் ஆராயும் பொறுப்பைப் புருண்டியின் செனட்டிடம் கொடுத்தது. அந்த ஆய்வு தொடங்கியும் விட்டது. நாடு ஒன்றுபட்டுவிட்டது, இனி எண்ணிக்கை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலுக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நிற்கும் நாட்டில், யாரைப் பழி சொல்லலாம் என்று தலைவர்கள் தேடும் நேரத்தில், அந்த 60-40ஐயும் ராணுவத்தின் சரிபாதியையும் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.