தெருக்காட்சி கொண்டு காஞ்சியிற் புதையல் தேடல்

நம் கல்லூரி நண்பருட் பலர் விடுமுறை நாட்களிற் குழுவாகச் சேர்ந்து ஊர் காணச் செல்லும் வழக்கமுடையர். அன்னார்க்குப் பயன்படுமாறு, 'ஜியோகாச்சிங்' எனப்படும் புதையல் தேடும் விளையாட்டின் இயல்பையும், அதற்குரிய இடத்தைத் தெருக்காட்சிப் படங்களால் முன்னரே ஆராயும் முறையையும், காஞ்சிமாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தேன். எம் குழுவினர் செய்த பிழை யொன்றும் இதன்கண் கூறப்படும். அதனை மறைத்தெழுதின் இக்கட்டுரையால் விளையும் பயன் சிறிதேயாம்.

விளையாட்டின் இயல்பு

வானில் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் விடுக்கும் குறிகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கைப்பேசி கணித்துரைக்கின்றது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம்வரை, பொதுமக்கள் பெறும் குறிகளில் அமெரிக்க அரசினர் வேண்டுமென்றே பிழை கலந்து விடுத்தனர். அதனால் 100 மீட்டர் அளவும் இடம் வழுவுதல் உண்டாயிற்று. அப்பிழை நீக்கப்பட்டவுடன், மே 3-ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் என்னும் ஊரருகே ஒரு வாளியிற் சில பொருள்களையும் குறிப்பேடு ஒன்றையும் இட்டு மறைத்து, அவ்விடத்தின் அளவுகளை இணையத்தில் வெளியிட்டார். கண்டெடுப்போர் ஏட்டிற் பெயர் எழுதுக என்பதும், ஒன்றை எடுப்போர் பிறிதொன்றை வைக்க என்பதும் அவர் வகுத்த விதிகள். இவ்விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

காஞ்சி நகர் வட அட்சரேகை 12 பாகை 50 கலையை அடுத்துள்ளது. ஒரு கலையில் ஆயிரத்திலொரு பங்கு நிலத்தின்மேல் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1.8 மீட்டராகும். ஆதலின் கலையை மூன்று தசமத் தானங்கள்வரை எழுதுதல் இவ்விளையாட்டின் மரபு. எனினும் வீடுகள் நெருங்கிய தெருக்களிற் குறிகள் சுவரிற் பட்டுத் திரும்புதலாற் கணக்கு வழுவும். எண் மட்டும் போதாது. இடத்தைக் கண்ணாற் காண்டலும் வேண்டும். வீட்டிலிருந்தே அவ்வாறு காண்டற்குத் துணையாவது தெருக்காட்சி.

தெருக்காட்சி

கூகுள் நிறுவனத்தார் 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நகரங்கள் ஐந்தில் 'ஸ்ட்ரீட் வியூ' என்னும் இதனைத் தொடங்கினர். தெருவழியே செல்லும் வண்டியின்மேற் பொருத்திய கருவி நாற்றிசையும் படமெடுக்க, அப்படங்களைத் தொடுத்துத் தெருவில் நிற்பது போன்ற தோற்றத்தை நல்குவர். நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு பெங்களூரில் இம்முயற்சி தொடங்கிக் காவல்துறையினரால் நிறுத்தப்பட்டது. 2016-இல் அரசினர் இசைவு மறுத்தனர். 2021 பிப்ரவரியில் வெளிவந்த புதிய விதிகள், தெருக்களைப் படமெடுக்கும் பணியை இந்திய நிறுவனங்கட்கே உரியதாக்கின. அதன்படி ஜெனெசிஸ் இன்டர்நேஷனல், டெக் மகிந்திரா என்னும் இரு நிறுவனங்களின் துணையோடு 2022 ஜூலையிற் பத்து நகரங்களில் இக்காட்சி வெளியாயிற்று. சென்னை அவற்றுள் ஒன்று. காஞ்சி அம்முதற் பட்டியலில் இல்லை. இஃதன்றி, 2013-இல் சுவீடன் நாட்டிற் றோன்றிய 'மாப்பில்லரி' போன்ற தளங்களில், அன்பர்கள் தாமே எடுத்துச் சேர்க்கும் தெருப்படங்களும் உள.

இடம் ஆராயும் முறை

முதலாவது, வானிலிருந்து எடுத்த படத்தில் ஊரின் அமைப்பை நோக்குக. பெரிய காஞ்சி, சின்னக் காஞ்சி என்னும் இருபகுதியும், வேகவதியாற்றிற்கு அப்பாலுள்ள திருப்பருத்திக்குன்றமும் தம்முள் எத்துணைச் சேய்மைய என்பது அதனாற் புலனாகும். ஒரு நாளில் நடந்து காணத்தக்க பகுதியை மட்டும் வரைந்துகொள்க.

இரண்டாவது, தகாத இடங்களை முன்னரே விலக்குக. கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப்பெருமாள் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையினர் காக்கும் பல்லவர் காலத்துக் கோயில்கள். அவற்றின் கல்லிடுக்கிற் பெட்டி வைத்தல் பெருந்தவறு. பள்ளிகள், மின்மாற்றிகள், பிறர் வீட்டுச் சுவர்கள் ஆகியனவும் ஆகா. நிலத்தைத் தோண்டலாகாது; உரியவர் இசைவு பெறாது வைத்தலும் ஆகாது; ஒரு பெட்டிக்கும் மற்றொன்றிற்கும் இடையே 161 மீட்டரேனும் இருத்தல் வேண்டும். இவை விளையாட்டின் பொதுவிதிகள்.

மூன்றாவது, தெருக்காட்சியினுட் புகுந்து, பேருந்து நிற்கும் இடம், நிழல், தெருவின் அகலம், பத்துப்பேர் பிறர்க்கு இடையூறின்றி நிற்கத்தக்க வெளி ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

நான்காவது, படம் எடுக்கப்பட்ட காலத்தைக் காண்க. மாதமும் ஆண்டும் காட்டப்படும். அதற்குப்பின் மரம் வெட்டப்பட்டிருத்தலும், மாடி எழுந்திருத்தலும் கூடும்.

இந்நான்கையும் முறையே செய்துவிட்டோம் என்று மகிழ்ந்தே யாம் காஞ்சிக்குப் புறப்பட்டோம். ஐந்தாவது ஒன்று உண்டென்பதை அங்குச் சென்றே அறிந்தோம்.

யாம் செய்த பிழை

பிள்ளையார்பாளையம் நெசவாளர் வாழும் பகுதி. அங்குள்ள தெருவொன்றின் படத்தைக் கண்டோம். நேரிய நெடுந்தெரு, ஆளரவமில்லை, கோடியில் வேம்பொன்று நின்றது. அதன் அடியிலிருந்த பொந்து பெட்டி வைத்தற்கு ஏற்றதெனத் துணிந்தோம். வெயிலுக்கு அஞ்சிக் காலை ஆறரை மணிக்கே அங்குச் சென்றோம்.

தெரு வெறுமையாயில்லை. அதன் நீளம் முழுதும் பட்டுப்பாவு விரிக்கப்பட்டிருந்தது. மரக்கால்களின்மேல் இழுத்துக் கட்டிய ஆயிரக்கணக்கான இழைகளுக்குக் கஞ்சியிட்டு, ஆடவரும் பெண்டிரும் இருபுறமும் நின்று நீவிக்கொண்டிருந்தனர். கைப்பேசியின் அம்புக்குறியையே நோக்கி விரைந்துவந்த ஒருவன் பாவின் ஓரத்தில் மோதினான். மரக்கால் சாய்ந்தது, இருபதுக்கு மேற்பட்ட இழைகள் அறுந்தன. அவ்வாறு அறுத்தவன் யானே.

அப்பாவிற்குரிய முதியவர் எம்மைச் சினந்திலர். மருமகளை அழைத்து, இருவருமாக அமர்ந்து, அறுந்த தலைகளைத் தேடி ஒவ்வொன்றாக முடியத் தொடங்கினார். யாம் பணம் கொடுக்க முயன்றபோது, "பணம் வேண்டாம் தம்பி, இந்தக் கம்பைக் கொஞ்சம் அசையாமற் பிடியுங்கள்" என்றார். ஏறக்குறைய ஒருமணி நேரம் பிடித்து நின்றேன். அப்போது அவர், "வெயில் ஏறுவதற்குள் பாவைச் சுருட்டிவிடுவோம். பத்து மணிக்குமேல் வந்திருந்தால் நீங்கள் இங்கே ஓடலாம், ஆடலாம், யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார். பாவு காய்ந்து விறைத்துவிடுமுன் இழைகளை முடித்தாக வேண்டும் என்பதும், அன்று அவர்க்கு நேர்ந்த தாமதம் எத்தகையது என்பதும் அவ்வொரு மணி நேரத்தில் எனக்கு விளங்கின.

விடுதிக்கு மீண்டபின் அப்படத்தை மறுபடியும் நோக்கினேன். திண்ணைகளின் நிழல் குறுகிக் கிடந்தது. அஃதாவது, நண்பகலில் எடுத்த படம். சுவரோரம் மரக்கால்கள் சில சார்த்தப்பட்டிருந்தன. முன்பு அவற்றை விறகென்று எண்ணினோம். படம் பொய் சொல்லவில்லை. யாமே அதனைப் படிக்க அறிந்திலம். மாதமும் ஆண்டும் படத்தில் இருந்தன, நாழிகை இல்லை. அத்தெருவினர்க்கோ நாழிகையே முதன்மையானது.

முடிவுரை

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லுமாறு பாணனை ஆற்றுப்படுத்துவது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன்கண் வழியை மட்டும் கூறியமைந்தாரல்லர். வழியிலுள்ள எயினர், ஆயர், உழவர், வலைஞர் முதலியோர் யாவர், அவர்தம் தொழில் யாது, வந்தவரை எவ்வாறு பேணுவர் என்பவற்றையும் விரித்துரைத்தார். அந்நூலை வகுப்பிற் பாடமாகக் கற்றும், வழியறிதல் என்பது வழியில் வாழ்வாரை அறிதலேயாம் என்பதை யான் அத்தெருவில் நின்றே உணர்ந்தேன். தெருக்காட்சியில் மாந்தர் முகங்களை, அவர்தம் நன்மைக்காகவே, மங்கலாக்கி வைத்திருக்கின்றனர். அம்முகங்களை நேரிற் சென்றே காணுதல் வேண்டும்.

ஆகவே ஐந்தாவது விதி இது: படத்தால் இடத்தைத் தெரிந்தபின், பெட்டியின்றி ஒருமுறை வெறுங்கையோடு சென்று, அத்தெருவிலுள்ளாரை வினவுக. எந்த நாழிகையில் வரலாம், எங்கே நிற்கலாம், எதைத் தொடலாகாது என அவர் கூறுவனவற்றைப் படத்தின்மேற் குறித்துக்கொள்க.

அடுத்த திங்களில் யாம் அவ்வாறே செய்தோம். வேம்பின் பொந்தை விடுத்து, தெருமுனைத் தேநீர்க்கடையினர் இசைவோடு அவர் பலகையின்கீழ்ப் பெட்டியை வைத்தோம். 'காலை 10 மணிக்கு முன் வரற்க. தெருவிற் பாவு விரித்திருப்பர்' என்பது அதன் குறிப்பில் முதல் வரி. நண்பர்காள்! நீவிரும் காஞ்சிக்குச் சென்று அதனைத் தேடுக. கண்டபின் ஏட்டிற் பெயர் எழுதுக. அதற்குமுன், பாவு சுருட்டியாயிற்றா என்று ஒருமுறை கேட்டறிக.